கேளுங்க சொல்றேன்: 71 வருஷம் ஒரே ஆர்கெஸ்ட்ராவுல

கே: சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கறவங்க எந்த வயசு வரைக்கும் வாசிப்பாங்க சார்? 60 ஆச்சுன்னா சால்வை போத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?

ப: அது ஊருக்கு ஊரு மாறும். ஐரோப்பாவுல நிறைய இடத்துல 65 பக்கம் வந்தா கும்பிடு போட்டு கிளம்பணும், அமெரிக்காவுல பொதுவா கட்டாய ரிட்டயர்மென்ட் கிடையாது, கை ஓடற வரைக்கும் வாசிக்கலாம்.

அப்படி அமெரிக்காவுல ஜேன் லிட்டில்னு ஒரு அம்மா இருந்தாங்க. 1945 பிப்ரவரி 4, அதாவது 16 வயசு முடிஞ்ச ரெண்டாவது நாள், அட்லாண்டா ஆர்கெஸ்ட்ராவுல டபுள் பாஸ் வாசிக்க சேர்றாங்க. டபுள் பாஸ் தெரியும்ல, வயலின் குடும்பத்துலயே பெரிய அண்ணன், கிட்டத்தட்ட 6 அடி உயரம். இந்தம்மா 5 அடிக்கு ஒரு இன்ச் கம்மி! சின்ன வயசுல பாலே டான்சர் ஆகணும்னுதான் ஆசையாம், ஸ்கூல்ல பாஸ் வாசிக்க ஆள் தேவைப்பட்டதால இந்தப் பக்கம் வந்துட்டாங்க. கட்டிக்கிட்டவரு அதே ஆர்கெஸ்ட்ராவுல ஃப்ளூட், பொண்டாட்டியோட பாஸையும் அவரேதான் தூக்கிட்டு வருவாராம். அவரு வாத்தியம் கைப்பையில அடங்கிடும், ஆனா தினமும் தூக்கறது என்னமோ ஆள் உயர பெட்டி, நல்ல ஜோடிப் பொருத்தம் போங்க.

2016 பிப்ரவரியில 71 வருஷம் முடிச்சு, ஒரே ஆர்கெஸ்ட்ராவுல அதிக காலம் வாசிச்சவங்கன்னு கின்னஸ்ல பேரு வந்துச்சு. அதுக்குள்ள புற்றுநோய்க்கு ட்ரீட்மென்ட், முதுகெலும்புல விரிசல்னு உடம்பு நிறைய படுத்திடுச்சு, இருந்தும் வந்து நின்னாங்க. அதே வருஷம் மே 15, கச்சேரி முடிஞ்சு ஆடியன்ஸ் விடாததால கடைசியா இன்னொரு பாட்டு, ஷோ பிசினஸ் மாதிரி ஒரு பிசினஸே இல்லங்கற அர்த்தத்துல ஒரு பழைய பிராட்வே மேடை நாடகப் பாட்டு, அதுவும் முடிய இன்னும் அரை நிமிஷம் இருக்கும், வாசிச்சிட்டிருந்தவங்க அப்படியே மேடையிலயே சரிஞ்சிட்டாங்க. அன்னிக்கே போய்ச் சேர்ந்துட்டாங்க, வயசு 87. சினிமாவுல இப்படி சீன் வச்சா ஓவரா இருக்குன்னு நாமளே சொல்லுவோம்.

கே: ஆர்கெஸ்ட்ராவை முன்னாடி நின்னு நடத்தற கண்டக்டருங்க எல்லாம் 90 தாண்டி இருக்காங்களே, கை வீசறது நல்ல எக்சர்சைஸ்ங்கறதாலயா?

ப: இதை ரொம்ப நாளா சொல்றாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஸ்டோகோவ்ஸ்கின்னு ஒரு கண்டக்டர் 95 வயசுல, 1977ல இறந்தாரு, அது வரைக்கும் ரெக்கார்டிங் பண்ணிட்டிருந்தாரு. 1927ல பிறந்த இன்னொரு கண்டக்டர் ப்லோம்ஸ்டெட் 90 தாண்டி ரொம்ப காலம் கண்டக்ட் பண்ணாரு. ஆனா கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. பேர் சொல்ற கண்டக்டர் ஆகவே முப்பது, நாப்பது வயசாகும், அதுக்கு முன்னாடி செத்தவங்க யாரும் அந்த லிஸ்ட்டுக்குள்ளயே வர மாட்டாங்க, அப்புறம் அவங்களை ஊர்ல பிறந்த குழந்தை எல்லாரோட சராசரி ஆயுளோட ஒப்பிட்டா கண்டக்டர்தான் ஜெயிப்பாரு. மாவட்ட கலெக்டருங்க, தாத்தாக்கள், யாரை வச்சு கணக்கு போட்டாலும் இதே கதைதான். அதோட பிரெஞ்சு அரண்மனையில இசைக்குழு நடத்தின லல்லியையும் மறந்துடாதீங்க, தாளம் தட்டற பெரிய கோலால தன் கால்லயே இடிச்சுக்கிட்டு, புண்ணு அழுகி, 1687ல 54 வயசுல போயிட்டாரு.

கே: என் பொண்ணு ட்ரம்பெட் கத்துக்கறா. வயலின் மாதிரி வயசான காலத்துலயும் வாசிக்க முடியுமா?

ப: முடியும், ஆனா ஊதற வாத்தியத்துக்கு மூலதனமே உதடும் முன்பல்லும்தான். ஒரு பல்லு கொஞ்சம் நகர்ந்தா கூட சத்தம் மாறிடும். அதனால நிறைய பேர் பல்லு நல்லா இருக்கும்போதே டென்டிஸ்ட்கிட்ட அச்சு எடுத்து வச்சுக்கறாங்க, நாளைக்கு உடைஞ்சா அதே வடிவத்துல கட்டிக்கலாம்னு. வயலின்காரங்க தப்பிச்சாங்கன்னு நினைக்காதீங்க, தோள்பட்டையும் கழுத்தும் போயிடும், வாத்தியம் பக்கத்துலயே இருக்கறதால இடது காதுதான் அதிகமா அடி வாங்கும்.

காது விஷயத்துல மட்டும் கறாரா இருங்க. லண்டன்ல 2012ல ஒரு வாக்னர் ஓபரா ரிகர்சல்ல ட்ரம்பெட்டுங்க முன்னாடி உட்கார்ந்திருந்த வயோலாக்காரர் (வயலினை விட கொஞ்சம் பெரிய வாத்தியம்) ஒருத்தருக்கு காது போய், வேலையும் போய், கேஸ் போட்டு 2018ல ஜெயிச்சாரு. அதனால உங்க பொண்ணு காதுக்கு இயர்ப்ளக் வாங்கிக் குடுங்க, அவ முன்னாடி உட்கார்றவங்களுக்கும் ஒரு செட் சேர்த்து வாங்கினா புண்ணியமா போகும்.

கே: அதே பீத்தோவனை நூறு தடவை வாசிச்சா போரடிக்காதா?

ப: அடிக்கும், அவங்களே ஒத்துக்குவாங்க. வயலின்ல ரெண்டு பேருக்கு நோட்ஸ் பேப்பர் வைக்க ஒரே ஸ்டாண்ட், உள்பக்கம் உட்கார்றவருதான் பக்கம் திருப்பணும், அவரு திருப்பறப்ப இன்னொருத்தர் ரெண்டு பேருக்கும் சேர்த்து வாசிக்கணும். அந்த பழைய பேப்பரைப் பாத்தீங்கன்னா ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல், வில்லு மேலயா கீழயான்னு குறி, இந்த கண்டக்டர் வேகமா போவாரு ஜாக்கிரதைன்னு மூக்குக்கண்ணாடி படம், எத்தனை நிமிஷம் ஓடுச்சுங்கற கணக்கு, என்னிக்கோ வாசிச்சுட்டுப் போனவரோட தேதி. ரப்பர் வச்சு பெரும்பாலும் யாரும் அழிக்கறதில்ல, கீழ தன் தேதியையும் எழுதிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடறாங்க.