மூன்று பம்பா, மூன்று வால்வா?

கேள்வி: ரொறன்ரோவில் எங்களுடையது பழைய இரண்டு மாடி வீடு. வெந்நீர் பொயிலர், சுவரோரம் பேஸ்போர்ட் ஹீற்றர், வீடு முழுவதற்கும் ஒரே தேர்மோஸ்ராற். கீழ்த்தளம், மேல்மாடி, பேஸ்மென்ற் என்று மூன்று ஸோனாகப் பிரிக்க இருவரிடம் விலை கேட்டோம். ஒருவர் ஸோனுக்கு ஒரு பம்ப் போட்டால்தான் சீக்கிரம் சூடேறும் என்கிறார். மற்றவர் இருக்கும் பம்பையே வைத்துக்கொண்டு மூன்று ஸோன் வால்வு (ஒவ்வொரு ஸோனுக்கும் நீரைத் திறந்து மூடும் மின்வால்வு) போதும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: சீக்கிரம் சூடேறும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். போகும் நீரும் திரும்பும் நீரும் 20 பாகை பாரன்ஹீற் வித்தியாசத்தில் இருந்தால், நிமிடத்துக்கு ஒரு அமெரிக்க கலன் ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய 10,000 பி.ரி.யூ. (BTU, சூட்டை அளக்கும் அலகு) சூட்டைச் சுமக்கும். வீட்டுக்கு மணிக்கு மொத்தம் 60,000 பி.ரி.யூ. வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 6 கலன். குழாய் அளவு சரியாக இருந்தால், டாக்கோ 007 போன்ற ஒரு சிறு பம்பே இதைத் தள்ளிவிடும். முக்கால் அங்குலச் செப்புக் குழாயில் 4 கலனுக்கு மேல் ஓடவிடக் கூடாது. ஆகவே ஒரு ஸோனில் 40,000 பி.ரி.யூ.வுக்கு மேல் ஏற்றப் பார்க்காதீர்கள்.

பம்ப் முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரு பம்ப் பழுதானால் அந்த ஸோன் மட்டும்தான் குளிரும். வால்வு முறையில் ஒரே பம்ப் நின்றால் ஜனவரி இரவில் வீடே உறையும். ஆனால் பம்ப் முறையில் ஒவ்வொரு பம்புக்கும் ஒருவழி வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒரு பம்ப் ஓடும்போது நின்றிருக்கும் பம்ப் வழியாக நீர் பின்னோக்கிப் போய், சூடு கேட்காத அறையும் சூடாகும். விலைப்பட்டியலில் ஒருவழி வால்வு, பம்பின் இருபுறமும் அடைப்பு வால்வு, மூன்று ஸோனுக்கான ரிலேப் பெட்டி (தேர்மோஸ்ராற் கேட்கும்போது பம்பை ஓடவிடும் மின்சுவிட்ச் பெட்டி) ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பு வால்வு இல்லாத பம்பை மாற்றக் குழாய்த்தொகுதி முழுவதையும் வடிக்க வேண்டிவரும்.

உங்கள் வீட்டுக்கு வால்வே போதும் என்பது என் கருத்து. இப்போதைய பம்ப் பழசானால், வால்வு மூடும்போது தானே வேகத்தைக் குறைக்கும் புதுவகைப் பம்பாக மாற்றுங்கள். அதில் மின்சாரமும் மிச்சம்.

கேள்வி: வால்வு முறையில் வயரிங் எப்படி இருக்க வேண்டும்? வேலை முடிந்ததும் எதைச் சோதிப்பது?

பதில்: இங்கேதான் அதிகம் பிழை நடக்கிறது. தேர்மோஸ்ராற் 24 வோல்றை வால்வு மோட்டருக்கு அனுப்பும். வால்வு முழுதாகத் திறந்த பிறகு அதற்குள் இருக்கும் எண்ட் சுவிட்ச் மூடும். அந்தச் சுவிட்ச்தான் பொயிலரின் ‘டி-டி’ முனைகளை (தேர்மோஸ்ராற் வயர் கோக்கும் இரண்டு முனை) இணைத்துப் பொயிலரையும் பம்பையும் எழுப்பும். ஹனிவெல் வி8043ஈ வால்வில் மஞ்சள் வயர் இரண்டும் மோட்டருக்கு, சிவப்பு இரண்டும் எண்ட் சுவிட்சுக்கு. மூன்று வால்வின் சிவப்புகளும் சமாந்தரமாகச் சேர்ந்து டி-டிக்குப் போக வேண்டும்.

பெரும்பாலான பொயிலர்களில் டி-டிக்கு மின்சாரம் உள்ளேயிருந்தே வருகிறது. அதற்குள் வெளி ட்ரான்ஸ்ஃபோமரின் 24 வோல்றைச் செலுத்தினால் பொயிலரின் ட்ரான்ஸ்ஃபோமரோ கட்டுப்பாட்டுப் பலகையோ கருகும். டாக்கோ 571 வகை ஸோன் வால்வில் இந்த ஆபத்து கூடுதல். அதில் 1, 2 ஆம் முனைகள் மோட்டருக்கு, 2, 3 ஆம் முனைகள் எண்ட் சுவிட்சுக்கு, அதாவது 2 ஆம் முனை இரண்டுக்கும் பொது. இடையில் ஒரு ரிலே வைப்பது அல்லது ஸோன் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்குவதுதான் பாதுகாப்பு. பெட்டி சில நூறு டொலர் கூடலாம், வீண் இல்லை.

ட்ரான்ஸ்ஃபோமரையும் கணக்கிடுங்கள். வி8043 ஒன்று 0.32 அம்பியர், அதாவது 7.7 வோல்ற்-அம்பியர் இழுக்கும். 40 வோல்ற்-அம்பியர் ட்ரான்ஸ்ஃபோமர் ஐந்து வால்வு வரை தாங்கும். 571 போன்ற சூட்டு மோட்டர் வகை (மின்சூட்டால் வால்வைத் திறப்பது) 0.9 அம்பியர் இழுக்கும். அவற்றை அதே கணக்கில் வரிசையாகச் சேர்த்தால் ட்ரான்ஸ்ஃபோமர் எரியும். 24 வோல்ற் வயரையும் 120 வோல்ற் வயரையும் ஒரே வயர்க் குழாயில் இழுக்க விடாதீர்கள்.

மேல்மாடி சூடு கேட்டும் பொயிலர் எழவில்லை, மற்ற இரண்டும் சரி என்றால், மின்சாரத்தை நிறுத்தி டி-டியை ஒரு சிறு வயரால் இணைத்துத் திரும்பக் கொடுங்கள். பொயிலர் எழுந்தால் குற்றம் வால்வுப் பக்கம். மஞ்சள் வயர்களில் 24 வோல்ற் இருந்தும் வால்வு நகராவிட்டால் மோட்டர் போயிற்று. நகர்ந்தும் பொயிலர் எழாவிட்டால் எண்ட் சுவிட்ச். வால்வின் தலைப்பகுதி கழற்றக்கூடிய வகையென்றால் நீரை வடிக்காமல் அதை மட்டும் மாற்றலாம்.

ஒன்ராறியோவில் 120 வோல்ற் வேலைக்கு மின்பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் வேண்டும். கேஸ் குழாயைத் தொடுபவருக்கு உரிய உரிமம் இருக்க வேண்டும். வேலை தொடங்குமுன் இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: வைஃபை தேர்மோஸ்ராற் வாங்கலாமா? சுவரில் இரண்டு வயர்தான் இருக்கிறது.

பதில்: ‘சி’ வயர் (தேர்மோஸ்ராற்றுக்குத் தொடர்ந்து மின்சாரம் கிடைக்கச் சுற்றை முடிக்கும் பொது வயர்) இல்லாமல் அதை வாங்காதீர்கள். அது வால்வுச் சுற்றிலிருந்தே மின்சாரம் திருடப் பார்க்கும். வால்வு முனகும், அரைகுறையாய்த் திறக்கும். ஆர் (மின்சாரம்), டபிள்யூ (சூடு கேட்பது), சி (பொது) மூன்று முனையும் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியை எடுத்து, சுவர் திறந்திருக்கும்போதே 18 கேஜ் ஐந்திழை வயரை இழுத்துவிடுங்கள். மூன்றிழைக்கும் ஐந்திழைக்கும் விலை வித்தியாசம் அற்பம், பிறகு இழுக்கச் சுவரை உடைக்க வேண்டும்.