பாங்கு கட்டி தட்டாமல் கிளறுவது எப்படி?

கேள்வி: கானா நாட்டுப் பாங்கு (புளித்த மக்காச்சோள மாவும் மரவள்ளிக்கிழங்கும் சேர்த்துக் கிளறும் களி போன்ற உணவு) வீட்டில் கிளறினால் கட்டி தட்டுகிறது. இறக்கிய பிறகும் பச்சை மாவு வாசம் அடிக்கிறது. அளவும் பக்குவமும் சொல்லுங்கள்.

பதில்: கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டால் கட்டி தட்டத்தான் செய்யும். மக்காச்சோள மாவு 70 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பசையாகிவிடும். மேல்புறம் பசையாகி மூடிக்கொண்டால் உள்ளே தண்ணீர் இறங்காது. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிவிட்டு, அதற்குப் பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள்.

முதலில் மாவைப் புளிக்க வைக்க வேண்டும். 3 கப் மக்காச்சோள மாவில் (வெள்ளை மக்காச்சோளம் கிடைத்தால் நல்லது) 1½ கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, அழுத்தி மூடி வையுங்கள். பாக்கெட்டில் வரும் கார்ன்ஃப்ளோர் வேண்டாம். அது வெறும் ஸ்டார்ச், புளிக்காது. வெயில் காலத்தில் 2 நாள், குளிர் காலத்தில் 4 நாள் ஆகும். புளிப்பு வாசமும் மேலே சிறு வெடிப்புகளும் வந்தால் தயார். பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பூஞ்சை தெரிந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது, முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மரவள்ளிக்கிழங்கில் மேல்தோலோடு அடியில் இருக்கும் தடித்த தோலையும் உரித்து, நடு நாரை நீக்கித் துருவி, துணியில் கட்டி நன்றாகப் பிழியுங்கள். கசக்கிற கிழங்கை ஒதுக்குங்கள், அதில் சயனைடு கூடுதல். பிழிந்த துருவல் 1 கப் போதும். மிக்சியில் நைசாக அரைத்து, புளிக்கிற மாவோடு இரண்டாம் நாள் சேர்த்துவிடலாம். பாங்குக்கு இழுவை தருவது இதுதான். குறைந்தால் உதிரும், கூடினால் கையில் ஒட்டும்.

கிளறும் நாளில் இந்த மாவை 3 கப் தண்ணீரில் கரைத்து, 1 தேக்கரண்டி உப்புப் போட்டு, மிதமான தீயில் கை எடுக்காமல் கிளறுங்கள். இறுகத் தொடங்கியதும் வேலை மாறுகிறது. களி கிண்டுவதுபோல் சுற்றினால் மட்டும் போதாது. துடுப்பால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்து, மடித்துத் திருப்ப வேண்டும். கானாவில் பானை சுழலாமல் இருக்க இரும்புக் கம்பிச் சட்டம் வைத்துக் காலால் மிதித்துக்கொள்வார்கள். அவ்வளவு பலம் வேண்டும். சிறு கட்டி இருந்தால் இந்த நேரத்தில்தான் நசுங்கும்.

பச்சை வாசம் போகாததற்குக் காரணம் ஆவியில் வேகாமல் இறக்குவது. இறுகிய மாவில் அங்கங்கே குழி செய்து அரை கப் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து மூடி 6 நிமிடம் விடுங்கள். திறந்து மறுபடி அழுத்திப் பிசையுங்கள். இன்னொரு முறை இதையே செய்யுங்கள். மொத்தம் 25 நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். வெள்ளை நிறம் மங்கி லேசான பளபளப்பு வரும். ஈர விரலால் தொட்டால் ஒட்டாது.

புளிப்பு மிஞ்சிவிட்டால், கரைக்கும்போதே புளிக்காத மக்காச்சோள மாவு அரை கப் சேர்த்துக் கொஞ்சம் தண்ணீரும் கூட்டுங்கள்.

ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டி, உடனே பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுங்கள்; காற்றுப் பட்டால் மேலே ஆடை கட்டும். சுட்ட திலேப்பியா மீனும், மிளகாய், தக்காளி, வெங்காயம் நசுக்கிய காரத் துவையலும் இதற்கு அருமையான ஜோடி. வெண்டைக்காய்க் குழம்பு என்றால் பாங்கைக் கொஞ்சம் கெட்டியாகவே இறக்குங்கள்.