மலையகப் பட்டறைகளுக்கு வெல்டிங் கேள்வி பதில்: இன்வேர்ட்டர் முதல் லேசர் வரை

தேயிலை பெக்டரிப் பட்டறையில் இருப்பவர்களும் டவுனில் கேட், கிரில் வேலை எடுப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

பொகவந்தலாவையிலிருந்து: அண்ணே, 200 அம்பியர் இன்வேர்ட்டர் மெஷின் புதுசா எடுத்தோம். பட்டறையில நல்லா எரியுது. லயத்துப் பக்கம் வயர் இழுத்து வேலை செஞ்சா ரொட் ஒட்டிக்கிட்டே நிக்குது. மெஷின் பழுதா?

மெஷினைக் குறை சொல்லுமுன் வயரைப் பாருங்கள் தம்பி. 2.5 மி.மீ 6013 ரொட்டை (சாதாரண இரும்புக்குப் போடும் ஒட்டுக்குச்சி) 90 அம்பியரில் எரித்தாலே 230 வோல்ட் லைனிலிருந்து 15 அம்பியர் வரை இழுக்கும். 1.5 சதுர மி.மீ வயரில் 30 மீட்டர் தள்ளிப் போனால் வயரிலேயே 11 வோல்ட் போய்விடும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் லைன் தானாகவே தாழும். இரண்டும் சேர்ந்தால் ஆர்க் நிற்காது.

மெஷினை மீட்டர் போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஹோல்டர் வயரையும் எர்த் வயரையும் நீட்டுங்கள். 25 சதுர மி.மீ வயரில் 20 மீட்டர் நீட்டினாலும் இழப்பு 3 வோல்ட்டுக்குள்தான். மெஷினுக்கு வரும் வயரைத்தான் நீட்டியாக வேண்டுமென்றால் 4 சதுர மி.மீ போடுங்கள், ரீலைச் சுருட்டியபடி வைக்காமல் முழுக்க அவிழ்த்துவிடுங்கள். 3.2 மி.மீ ரொட்டுக்கு இழுவை 20 அம்பியரைத் தாண்டும். அதை 13 அம்பியர் பிளக்கில் ஓட்டினால் முதலில் கருகுவது பிளக்கின் கால்.

தலவாக்கலையிலிருந்து: ரோலர் பிரேமில் 20 மி.மீ பிளேட்டை 7018 ரொட்டால் ஒட்டினோம். அன்றைக்கு நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் ஒட்டின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. நல்ல ரொட்தானே?

ரொட் நல்லதுதான், ஈரம் குடித்திருக்கிறது. அந்த ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் சூட்டில் இரும்புக்குள் இறங்கிவிடும். தடித்த பிளேட் சூட்டைச் சட்டென்று உறிஞ்சுவதால் ஒட்டின் ஓரம் கடினமாகி, மணிக்கணக்கில் கழித்து வெடிக்கும். மறுநாள் தெரிந்தது அதனால்தான்.

பெட்டி திறந்த 7018ஐ 300 முதல் 350 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். பிறகு 120 பாகையில் வைத்திருந்து, வெளியே எடுத்தால் நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். தேயிலை டிரையர் பக்கத்தில் ரொட்டைச் செருகி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் காற்று 100 பாகையைச் சுற்றித்தான் இருக்கும். காய்ந்த ரொட்டைக் காய்ந்தபடி வைக்க அது போதும், ஈரம் குடித்ததை மீட்காது. பல்ப் போட்ட பெட்டியும் அப்படியே. பிளேட்டையும் ஒட்டுமுன் 100 பாகைக்குச் சூடாக்குங்கள். பனி மூடிய காலையில் குளிர்ந்த இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும்.

மஸ்கெலியாவிலிருந்து: வார்ப்பிரும்பு கியர் பெட்டி வெடித்துவிட்டது. 6013 போட்டால் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கிறது.

6013இல் அது வெடிக்கத்தான் செய்யும். வார்ப்பிலுள்ள கரி ஒட்டுக்குள் கலந்து அதைக் கண்ணாடி போல் ஆக்கிவிடும். ஆறும்போது 'டிக்' என்று கேட்டிருக்குமே, அதுதான் வெடித்த சத்தம்.

முதலில் வெடிப்பு எங்கே முடிகிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோக்குக்கட்டியைத் தேய்த்தால் ஈரக்கோடு தானாக எழும். இரண்டு முனையையும் சற்றுத் தாண்டி 3 மி.மீ துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. பிறகு 60 பாகைக் கோணத்தில் வி வெட்டுங்கள். பல வருஷம் எண்ணெயில் ஊறிய பெட்டி என்றால் டோர்ச்சால் சூடாக்கி, புகை நிற்கும்வரை எண்ணெயை எரித்துவிட வேண்டும். இதை விட்டால் ஒட்டு முழுக்கக் குமிழ்தான்.

நிக்கல்–இரும்பு ரொட் 2.5 மி.மீ, 60 முதல் 80 அம்பியர். ஒரு தடவைக்கு 25 மி.மீ நீளம் மட்டும். சூடாக இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள், சுருங்கும் இழுவை குறையும். கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறியபின் அடுத்த துண்டைத் தள்ளி வேறிடத்தில் போடுங்கள். அவசரம்தான் இந்த வேலையைக் கெடுக்கும். முடிந்ததும் அடுப்புச் சாம்பலில் புதைத்து இரவு முழுக்க விடுங்கள்.

உலையில் வெந்துபோன கிரேட் கம்பியில் இந்த முறை எடுபடாது, புதிதாக வாங்குவதுதான் மலிவு. உடைந்த கியர் பல்லையும் ஒட்டி ஓட்ட வேண்டாம்.

பதுளையிலிருந்து: கேஸ் இல்லாத மிக் கம்பி (மெஷின் தானாகத் தள்ளும் ஒட்டுக்கம்பி) சரமாரியாகத் தெறிக்கிறது.

போலாரிட்டி, அதாவது பொசிட்டிவ், நெகட்டிவ் இணைப்பு, மாறியிருக்கும். இந்தக் கம்பிக்குப் பெரும்பாலும் டோர்ச் நெகட்டிவ், எர்த் பொசிட்டிவ்; கேஸ் போட்டு ஓட்டும் சாதாரண கம்பிக்கு நேர்மாறு. சந்தேகமென்றால் ரீல் லேபிளைப் பாருங்கள். கல்வனைஸ் தகரத்தில் வேலை என்றால் ஒட்டும் இடத்தின் இரு பக்கமும் 25 மி.மீ பூச்சைத் தேய்த்தெடுங்கள். பூச்சிலுள்ள நாகத்தின் (சிங்க்) புகையை இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

நுவரெலியாவிலிருந்து: கையில் பிடிக்கும் லேசர் வெல்டிங் வாங்கலாமா?

1 முதல் 3 மி.மீ ஸ்டெயின்லெஸ் தகடு தினமும் ஓடுகிற இடம் என்றால் வாங்கலாம். சூடு குறைவு, தகடு நெளியாது, டிக் (ஆர்கன் கேஸ்) வெல்டிங்கை விடப் பல மடங்கு வேகம். இடைவெளியைத்தான் அது மன்னிக்காது. 1 மி.மீ தகட்டில் அரை மி.மீ இடைவெளி இருந்தாலே ஓட்டை விழும். வெட்டும் வேலை துல்லியமில்லாத பட்டறைக்கு அது வீண் செலவு.

அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது. 1070 முதல் 1080 நானோமீட்டர். சாதாரண வெல்டிங் முகமூடியை மட்டும் நம்பாதீர்கள். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி, மூடிய அறை இரண்டும் வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்கும் கண்ணாடி வேண்டும், பளபளத் தகட்டில் தெறித்த ஒளியே பார்வையைப் பறிக்கும். லேசர் மெஷினைக் குளிர்ந்த ஸ்டோரிலிருந்து எடுத்து ஈரச்சூடான டிரையர் அறைக்குக் கொண்டுபோய் உடனே ஓட்டினால் லென்ஸில் நீர் படிந்து கருகும். அறைச் சூட்டுக்கு வரும்வரை விட்டு வையுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: உருக்காமலே ஒட்டுகிறார்களாமே?

ஆம், உராய்வுக் கலக்கு ஒட்டு. 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. சுழலும் முளை அலுமினியத்தைப் பிசைந்து சேர்க்கும். டன் கணக்கில் அழுத்தம் வேண்டும், நம் பட்டறைக்கு ஆகாது.

ஹட்டனிலிருந்து: ரொபோ வந்துவிட்டதே அண்ணா, தம்பியை இந்த வேலையில் சேர்க்கலாமா?

ஒரே மாதிரி ஆயிரம் துண்டு ஒட்டும் இடத்தில் ரொபோ ஜெயிக்கும். வெடித்த பெட்டி, தேய்ந்த சாப்ட் என்று ஒவ்வொன்றும் வேறாக வரும் பழுது வேலை ஆளிடம்தான் இருக்கும். என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழுக்குப் படிக்கவிடுங்கள். வெளிநாடு போகும் எண்ணமிருந்தால் 6ஜி பரீட்சைக்குப் பழக்குங்கள்: 45 பாகை சாய்த்து நிலையாகப் பிடித்த குழாயைத் திருப்பாமல் சுற்றி ஒட்டுவது. பலர் விழுவது ரொட் மாற்றி மறுபடி தொடங்கும் இடத்தில். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒட்டின் முனையைக் கிரைண்டரால் சரித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.