மஞ்சள் களமும் மதிப்பெண்ணும்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் விடுமுறை விட்டால் அப்பாருடன் (தாத்தாவுடன்) மஞ்சள் காயவைக்கும் களத்திலேயே இருக்கிறாள். பள்ளியிலோ ‘முழுமைக் கல்வி’ என்கிறார்கள். அது எது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: எழுத்தறிவு கல்வியின் முடிவும் அன்று, தொடக்கமும் அன்று, உடல், அறிவு, ஆன்மா மூன்றிலும் உள்ள சிறந்தவற்றை வெளிக்கொணர்வதே கல்வி என்று காந்தியடிகள் 1937-இல் எழுதினார். அதற்கு ஏழாண்டுகள் முன்பே, 1930-இல், கோவையில் கல்வியாளர் தி. சு. அவினாசிலிங்கம் இராமகிருஷ்ண வித்யாலயத்தைக் குருகுல முறையில் தொடங்கிவிட்டார். யோகா வகுப்புக்குத் தனிக் கட்டணம் வாங்குவதையே முழுமைக் கல்வி என்று விளம்பரம் செய்வோரை விட்டுவிடுங்கள்.

நன்கு காய்ந்த விரலி மஞ்சளை ஒடித்தால் உலோகம்போல ‘டக்’கென்று ஒலிக்கும், அந்த ஒலியைக் காதால் பிரித்தறியவும், வேகவைத்துக் காயவைத்தபின் பச்சை எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சுவதைத் தராசில் நிறுத்துப் பார்க்கவும் தங்கள் மகள் பழகுகிறாள் என்றால், புலனறிவும் விழுக்காட்டுக் கணக்கும் அவளுக்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஆகவே களத்துக்குப் போவதைத் தடுக்காதீர்கள். அன்றன்று கண்டதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இயற்கணித வீட்டுப்பாடத்தை மட்டும் இருட்டுவதற்குள் முடிக்கச் செய்யுங்கள், அதை அப்பார் சொல்லித்தர மாட்டார்.