டெக்சாஸ் கவுண்டி: வரி அட்டையும் வெள்ள எச்சரிக்கையும் ஒரே மேசையிலிருந்துதான் வருகின்றன

கேள்வி: "2023-ல் சுகர் லேண்ட் பக்கம், ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் வீடு வாங்கினோம். அடுத்த ஆண்டு பெரில் புயலில் பல நாள் கரண்ட் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது என்றே புரியவில்லை. ஆகஸ்டில் வரி பற்றி ஒரு தபால் அட்டை வந்தது, அதில் தொகையே இல்லை. இப்போது ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா? அது எங்களுக்கு எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்? எச்-1பி விசாவில் இருக்கும் நாங்கள் எதைக் கேட்க முடியும்?"

பதில்: பட்ஜெட், புயல் என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் இரண்டுக்கும் ஒரே வாசல்தான். அங்குள்ள 254 கவுண்டிகளையும் 'கமிஷனர்ஸ் கோர்ட்' என்ற ஐந்து பேர் கொண்ட சபைதான் நடத்துகிறது. பெயரில் கோர்ட் இருந்தாலும் அது நிர்வாக சபை. நான்கு கமிஷனர்கள் இருப்பார்கள். தலைமையில் 'கவுண்டி ஜட்ஜ்' இருப்பார். ஃபோர்ட் பெண்ட் போன்ற பெரிய கவுண்டிகளில் இந்த ஜட்ஜுக்கு வழக்கு விசாரணையோடு பெரும்பாலும் தொடர்பு கிடையாது. மாநிலச் சட்டப்படி அவரே கவுண்டியின் அவசரகால மேலாண்மை இயக்குநரும்கூட. பேரிடர் அறிவிப்பில் கையெழுத்திடுவது அவர். அந்த அறிவிப்பு ஏழு நாளுக்கு மேல் நீடிக்க வேண்டுமானால் சபையின் ஒப்புதல் வேண்டும். வரி விகிதத்துக்கும் பட்ஜெட்டுக்கும் வாக்களிப்பதும் அதே சபைதான்.

நம்ம ஊர் கலெக்டரும் மாவட்டப் பேரிடர் மேலாண்மைக்குத் தலைவர்தான். அந்த அளவில் ஒப்பிடலாம். ஆனால் கலெக்டர் அரசு நியமிக்கும் அதிகாரி. வரி போடும் வேலை அவருடையது அல்ல. இந்த ஐந்து பேரும் வாக்கு வாங்கி வந்தவர்கள். உங்கள் வரியை முடிவு செய்துவிட்டு மறுபடி வாக்குக் கேட்டு வர வேண்டியவர்கள்.

பணமும் எச்சரிக்கையும் எவ்வளவு நெருக்கமானவை என்பதற்கு கெர் கவுண்டியைப் பாருங்கள். 2016-லேயே அங்கே கமிஷனர்ஸ் கோர்ட்டில் வெள்ள எச்சரிக்கை சைரன் பற்றிப் பேசினார்கள். சுமார் 10 லட்சம் டாலர் திட்டம். மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை; சொந்தப் பணத்தைப் போடவும் மனம் வரவில்லை. 2025 ஜூலை 4 அதிகாலை குவாடலூப்பே ஆறு பொங்கியது. தேசிய வானிலை சேவையின் திடீர் வெள்ள எச்சரிக்கை 1:14 மணிக்கே வந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பச் சைரன் இல்லை. அந்த ஒரு கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆற்றில் இன்னும் கீழே, பக்கத்துக் கவுண்டியில், கம்ஃபர்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தன்னார்வத் தீயணைப்புத் துறை முந்தைய ஆண்டுதான் தன் சைரனைப் புதுப்பித்திருந்தது. அன்று அது ஒலித்தது. அந்த ஊரில் உயிரிழப்பு இல்லை. ஆற்றின் போக்கும் வெள்ளம் வந்துசேர்ந்த நேரமும் வேறு என்று வாதாடலாம், அது நியாயமும்கூட. ஆனாலும் பட்ஜெட் கூட்டத்தில் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று தள்ளிவைக்கும் ஒரு செலவு என்ன விலை கேட்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி உங்கள் தபால் அட்டை. அது கவுண்டி அனுப்பியதல்ல, சொத்து மதிப்பீட்டு அலுவலகம் அனுப்பியது. ஆகஸ்ட் 7 வாக்கில் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதில் தொகை இருக்காது. ஓர் இணைய முகவரிதான் இருக்கும். பலர் விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தளத்தில் உங்கள் வீட்டு முகவரியைப் போட்டால் பள்ளி மாவட்டம், கவுண்டி, நகரம், தண்ணீர் மாவட்டம் என்று வரி போடும் ஒவ்வோர் அமைப்பும் தனித்தனி வரிசையில் வரும். (இங்கே 'மாவட்டம்' என்பது நம்ம ஊர் மாவட்டம் அல்ல, ஒரு குறிப்பிட்ட வேலைக்கான தனி அமைப்பு.) புதிய விகிதம் வந்தால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு, பொது விசாரணை எந்தத் தேதியில், எங்கே என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். கருத்தைப் பதிவு செய்ய ஒரு படிவமும் உண்டு. பெரிய துண்டு பள்ளிக்குப் போவது. கவுண்டியின் பங்கு அதைவிடச் சிறியது. அதைத்தான் நாம் இங்கே பார்க்கிறோம்.

ஒரு கணக்கு, புரிவதற்காக மட்டும். போன வருடம் உங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 3,50,000 டாலர், விகிதம் நூறு டாலருக்கு 42 சென்ட் என்றால் வரி 1,470 டாலர். இந்த வருடம் மதிப்பு 3,85,000, விகிதம் 40 சென்ட் என்றால் 1,540 டாலர். "வரி விகிதத்தைக் குறைத்துவிட்டோம்" என்று மேடையில் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. ஆனால் நீங்கள் 70 டாலர் கூடுதலாகக் கட்டுவீர்கள். இந்த வித்தை நடக்கக்கூடாது என்றுதான் சட்டம் 'கூடுதல் வருவாய் தராத விகிதம்' என்ற ஒன்றையும் கணக்கிட்டு வெளியிடச் சொல்கிறது. கவுண்டி முழுக்க மதிப்பு இதேபோல 10 சதவீதம் ஏறியிருந்தால் அந்த விகிதம் சுமார் 38.2 சென்ட். விகிதம் ஏறியதா இறங்கியதா என்பதை விட்டுவிடுங்கள். இந்த எண்ணுக்கு மேலா, கீழா என்று மட்டும் பாருங்கள்.

பட்ஜெட் ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். முழுவதையும் படிக்கத் தேவையில்லை, முதல் பக்கத்தை விடாதீர்கள். சொத்து வரியில் போன ஆண்டைவிட அதிகம் வசூலிக்கும் பட்ஜெட் என்றால் அதை அந்த முதல் பக்கத்திலேயே, 18 புள்ளிக்குக் குறையாத எழுத்தில், எத்தனை டாலர், எத்தனை சதவீதம், அதில் புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்து வருவது எவ்வளவு என்று அச்சிட வேண்டும். நிறைவேறிய பிறகு வரும் பட்ஜெட்டில் யார் ஆதரித்து வாக்களித்தார், யார் எதிர்த்தார் என்று பெயர் பெயராக இருக்கும். கவுண்டியின் மொத்தக் கடனும் அங்கேயே இருக்கும்.

உள்ளே போனால் 'எமர்ஜென்சி மேனேஜ்மென்ட்' என்று ஒரு துறை வரும். அதன் தொகை சிறியதாக இருப்பதைப் பார்த்துக் கொதிக்க வேண்டாம். அந்த அலுவலகத்தின் வேலை ஒருங்கிணைப்பது. வெள்ளத்தைத் தடுக்கும் பணம் வடிகால் மாவட்டத்திலும் சாலைத் துறையிலும் இருக்கும், மீட்புப் பணம் கவுண்டியின் போலீசான ஷெரிஃப் துறையில் இருக்கும். ஃபோர்ட் பெண்டில் வடிகால் மாவட்டத்துக்குத் தனி வரி உண்டு, ஆனால் அதையும் இதே கமிஷனர்ஸ் கோர்ட்தான் நடத்துகிறது. அடுத்து கையிருப்பு நிதி. புயலுக்குப் பின் குப்பை அள்ளுவதற்கும் சாலை போடுவதற்கும் கவுண்டி முதலில் தன் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமா வழக்கமாக 75 சதவீதத்தைத் திருப்பித் தரும், அதுவும் தாமதமாக. கையிருப்பு மெலிந்த கவுண்டிக்கு ஒரு புயலைச் சமாளிப்பதே கஷ்டம். ஒரே கோடையில் இரண்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

2024-ல் பக்கத்து ஹாரிஸ் கவுண்டியில் அப்படித்தான் நடந்தது. மே மாதம் டெரேச்சோ சூறைக்காற்று, ஜூலையில் பெரில். 2019-ல் வந்த சட்டப்படி, புதிய கட்டடங்களைச் சேர்க்காமல் வருவாயை 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். பேரிடர் அறிவிக்கப்பட்டிருந்தால் 8 சதவீதம் வரை வாக்கெடுப்பில்லாமல் போக அப்போது வழி இருந்தது. ஹாரிஸ் அந்த வழியில் போனது. அவசியமா, சாக்கா என்று அங்கே பெரிய சண்டை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, புயலுக்குப் பின் வரும் ஆகஸ்ட் அட்டையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள்.

தகவல் 'கொடுத்தோம்' என்பதற்கும் அது போய்ச்சேர்வதற்கும் உள்ள தூரம் உங்கள் கவுண்டிக்கு நன்றாகவே தெரியும். 2017-ல் ஹார்வி புயல் வந்தபோது பார்க்கர் நீர்த்தேக்கம் நிரம்பி, அதன் மேற்குப் பக்கம் ஃபோர்ட் பெண்டில் இருந்த குடியிருப்புகளுக்குள் தண்ணீர் ஏறியது. தாங்கள் நீர்த்தேக்கத்தின் வெள்ளப் பரப்புக்குள்ளேயே வீடு வாங்கியிருக்கிறோம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. எழுதி வைக்காமல் இல்லை. அங்குள்ள மனைப்பிரிவு வரைபடங்களில், நீர்த்தேக்கத்தை ஒட்டிய இடம், நீண்ட நாள் தண்ணீர் நிற்கக்கூடும் என்று ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்கும்போது மனைப்பிரிவு வரைபடத்தை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

2019 செப்டம்பர் முதல் விற்பவர் தரும் படிவத்திலேயே முன்பு வெள்ளம் புகுந்ததா, வீடு நீர்த்தேக்கப் பரப்பில் இருக்கிறதா என்று எழுத வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரக் கட்டில் அந்தப் படிவத்தைத் தேடுங்கள். பில்டரிடமிருந்து நேரடியாகப் புது வீடு வாங்கியிருந்தால் அது இருக்காது, அவர்களுக்கு விலக்கு உண்டு. அப்போது கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் உங்கள் பிரிவின் வரைபடத்தைத் தேடி ஓரத்துக் குறிப்புகளைப் படியுங்கள். பிரேசோஸ் ஆற்றங்கரையை ஒட்டிய பகுதி என்றால் வீடு கரைக்காப்பு மாவட்டம் ஒன்றுக்குள் இருக்கலாம். ஆறு உயர்ந்ததும் அவர்கள் மதகுகளை மூடிவிடுவார்கள். அதன்பின் உள்ளே பெய்யும் மழையைப் பம்ப் வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஹார்வியின்போது ரிச்மண்டில் ஆறு 55 அடியைத் தாண்டியது. கரைக்காப்பு மாவட்டத்துக்குத் தனி இயக்குநர்கள், தனி வரி, தனி அறிவிப்புகள். உங்கள் வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டை வாங்கினாலும் அது நடைமுறைக்கு வர பொதுவாக 30 நாள் ஆகும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்தபின் வாங்கிப் பயனில்லை.

எச்சரிக்கைகளுக்கு வருவோம். போனில் அலறலோடு வரும் செய்திக்குப் பதிவு தேவையில்லை. நீங்கள் நிற்கும் இடத்தை வைத்து வருகிறது. அமைப்புகளில் அது அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கவுண்டி அனுப்பும் குறுஞ்செய்தி அப்படி அல்ல. கவுண்டி அவசரகால அலுவலகத் தளத்தில் பெயர், முகவரி, எண் கொடுத்துப் பதிந்தால்தான் முழுமையாக வரும். தபால் முகவரியில் சுகர் லேண்ட் என்றிருப்பதாலேயே நீங்கள் அந்த நகர எல்லைக்குள் இருக்கிறீர்கள் என்று அர்த்தம் இல்லை. வரித் தளத்தில் நகரத்தின் வரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நகரத்திலும் பதியுங்கள். இல்லையென்றால் உங்கள் தண்ணீர் மாவட்டத்தில் பதிவது அவசியம், ஏனென்றால் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லும் அறிவிப்பு அவர்களிடமிருந்துதான் வரும். கரண்ட் விஷயம் கவுண்டியின் கையில் இல்லை; அது சென்டர்பாயின்ட் நிறுவனத்தின் வேலை. பெரிலின்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின, எங்கே கரண்ட் இல்லை என்று காட்டும் வரைபடமே அப்போது அந்த நிறுவனத்திடம் வேலை செய்யவில்லை. நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

அப்பா அம்மாவுக்கு: இந்திய சிம் ரோமிங்கை நம்ப வேண்டாம், ஒரு பிரீபெய்ட் உள்ளூர் எண் வாங்கிக் கொடுத்து அதையும் பதியுங்கள். செய்திகள் ஆங்கிலத்திலும் சில நேரம் ஸ்பானிஷிலும் வரும், தமிழில் வராது. அதனால் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். 'வாட்ச்' என்றால் வரலாம், ஃபோனைக் கையில் வைத்திரு. 'ஃப்ளட் வார்னிங்' என்றால் வெள்ளம் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது, மாடிக்குப் போ, எனக்குப் போன் செய். 'டொர்னேடோ வார்னிங்' என்றால் சுழற்காற்று, மாடிக்குப் போகாதே, கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறைக்குப் போ. 'இவாக்குவேஷன்' என்றால் மருந்துப் பை, பாஸ்போர்ட்டோடு கிளம்பு. வீட்டு முகவரியை அவர்கள் அவசர எண் 911-ல் சொல்லும்படி ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்க முயல்வார்கள் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஆக்சிஜன், சக்கர நாற்காலி, டயாலிசிஸ் போன்ற தேவை இருந்தால் 2-1-1 என்ற உதவி எண்ணை அழைத்து 'ஸ்டியர்' என்ற மாநிலப் பதிவேட்டில் சேருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதிந்ததாலேயே வண்டி வந்து நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. யாருக்கு என்ன தேவை என்பதை உள்ளூர் அதிகாரிகள் முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு அது.

கடைசியாக, விசா. வாக்குரிமைக்குத்தான் குடியுரிமை வேண்டும். கமிஷனர்ஸ் கோர்ட்டில் பேசுவதற்கு அது தேவையில்லை. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் பொதுமக்கள் பேசலாம் என்பது சட்டம். முன்கூட்டிப் பெயர் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்கு, உடனடி மொழிபெயர்ப்புக் கருவி இல்லாவிட்டால், இரட்டிப்பு நேரம் தர வேண்டும். உங்கள் அப்பாவும் பேசலாம், தமிழிலேயே. 2025 செப்டம்பர் முதல் கூட்ட அறிவிப்பு மூன்று வேலை நாட்களுக்கு முன்பே வெளிவர வேண்டும். பட்ஜெட் கூட்டம் என்றால் நடுத்தர மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு வரி எவ்வளவு மாறும் என்ற கணக்கும் அதோடு வர வேண்டும். கூட்டங்கள் பெரும்பாலும் வேலை நாளில் பகலில் நடக்கும். போக முடியாவிட்டால் வீடியோ இணையத்தில் இருக்கும்.

நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குவதால், உண்மையான விவாதம் ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும்தான். போனால் "வரி அதிகம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். பெரிலுக்காகக் கவுண்டி எவ்வளவு செலவழித்தது, அதில் ஃபீமா இதுவரை எவ்வளவு திருப்பித் தந்தது, உங்கள் பகுதி வடிகாலுக்கு இந்த ஆண்டு எத்தனை டாலர் என்று பக்க எண்ணோடு கேளுங்கள். மேடையிலிருந்து பதில் வராவிட்டால் அந்த விவரம் உள்ள ஆவணங்களைப் பொதுத் தகவல் சட்டத்தின்படி எழுத்தில் கேளுங்கள். பத்து வேலை நாட்களுக்குள் ஆவணத்தைத் தர வேண்டும், அல்லது எப்போது தருவோம், ஏன் தர முடியாது என்று சொல்லியாக வேண்டும். அதற்கும் விசா கேட்க மாட்டார்கள்.