இரவில் கயாக்: விளக்குக் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: முதல்முறை இரவில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) எடுக்கப்போகிறேன். எத்தனை லூமென் (வெளிச்சத்தின் அளவு) விளக்கு வாங்கலாம்?

பதில்: லூமெனை அப்புறம் பார்க்கலாம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 25-வது விதி, துடுப்புப் படகிடம் குறைந்தபட்சம் கேட்பது ஒரு வெள்ளை டார்ச். அது தயாராகக் கையருகே இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். பையின் அடியில் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். லைஃப் ஜாக்கெட்டில் கயிறு போட்டுக் கட்டுங்கள். உள்ளூர் விதி இதற்கு மேலும் கேட்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹெட்லாம்ப் போதாதா?

பதில்: வரைபடம் பார்க்க, முடிச்சுப் போட, சரி. எரியவிட்டபடி துடுப்புப் போட்டால் ஒளி படகின் மேல்தளத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும். கெடுக்க ஒரு நொடி போதும். மங்கலான சிவப்பு ஒளி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் குறித்தது அந்த ஒளியில் காணாமல் போய்விடும்.

கேள்வி: முனையில் ஒட்டும் சிவப்பு-பச்சை விளக்கு, பின்னால் கம்பில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு. இதுதானே முழுப் பாதுகாப்பு?

பதில்: இல்லை. அந்த மூன்றும் சேர்ந்தால் 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு என்று பொருள். நீங்கள் பொய் சொல்லிக்கொண்டு போகிறீர்கள்.

கேள்வி (அதே நபர்): எஞ்சின் படகென்று நினைத்தால் ஒதுங்கித்தானே போவார்கள்?

பதில்: இரண்டு எஞ்சின் படகுகள் குறுக்கே வந்தால், மற்றதைத் தன் வலப்புறம் காண்பவர்தான் ஒதுங்க வேண்டும். நீங்கள் அவருக்கு இடப்புறம் இருந்தால் ஒதுங்கும் கடமை உங்களுடையது என்று அவர் நினைப்பார். திசையும் வேகமும் மாற்றாமல் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் வருவார். நீங்களோ 3 நாட்! வெறும் வெள்ளை விளக்கைப் பார்த்தால், நங்கூரமிட்ட படகோ முன்னே போகும் படகின் பின்விளக்கோ என்று எண்ணுவார். இரண்டிலும் விலக வேண்டியவர் அவர்தான்.

கேள்வி (இன்னொருவர் இடையில்): பாய்மரப் படகு போலச் சிவப்பு-பச்சைப் பக்க விளக்கும் பின்விளக்கும் மட்டும் போட விதி அனுமதிக்கிறதே?

பதில்: அனுமதிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகைக்குள் மட்டுமே தெரிய வேண்டும். நான் பார்த்த ஒட்டு விளக்குகள் பல, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் இரண்டு நிறத்தையும் காட்டின. போதாததற்கு நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரம். சின்ன அலை வந்தாலே மறையும். காகிதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள், தண்ணீரில் நான்.

கேள்வி: கம்பு விளக்கை எங்கே பொருத்துவது?

பதில்: முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. தாழ்ந்தால் உங்கள் உடம்பே மறைக்கும்.

கேள்வி: மின்னி மின்னி எரியும் ஸ்ட்ரோப் போட்டால் நன்றாகத் தெரியுமே?

பதில்: வழக்கமான பயணத்தில் ஸ்ட்ரோப் வேண்டாம். 36-வது விதியே தவிர்க்கச் சொல்கிறது. பார்ப்பவருக்குத் தூரமும் புரியாது, ஆபத்தில் இருக்கிறீர்கள் என்றும் நினைக்கலாம். உண்மையான ஆபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எத்தனை லூமென்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: கப்பல் என்னை நோக்கி வருகிறதா என்று எப்படித் தெரியும்?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் அதன் முகம் உங்கள் பக்கம். ஒரு நிறம் மட்டும் தெரிந்தாலும் நிம்மதி வேண்டாம். திசைகாட்டியில் அதன் கோணத்தைப் பாருங்கள். கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் பாதை. கயாக்கில் கண் உயரம் 70 சென்டிமீட்டர் என்றால் அடிவானம் சுமார் 3 கிலோமீட்டர்தான். கப்பலின் உயரமான விளக்குகள் அதற்கு அப்பாலிருந்தே தெரியும். தெரிந்தவுடன் கோணம் எடுங்கள், ஓரிரு நிமிடம் கழித்து மறுபடி எடுங்கள். சந்தேகமா? அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று நம்பாமல், கப்பல் பாதையை விட்டு ஆழம் குறைந்த பக்கம் போய்விடுங்கள்.

கேள்வி: எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை. நான் இன்னும் காகித வரைபடத்தில்தான் ஓட்டுகிறேன்.