வேண்டுமென்றே அழுகிறாளா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. நினைத்தது நடக்காவிட்டால் கடை, பேருந்து, உறவினர் வீடு என்று எதையும் பாராமல் தரையில் விழுந்து புரண்டு அழுகிறாள். அதிலும் நாலு பேர் பார்க்கும் இடத்தில் வேண்டுமென்றே செய்கிறாள். பொறுமையாக இருக்க எவ்வளவோ முயன்றும் முடியாமல் கத்திவிடுகிறேன். சில சமயம் அடித்தும் விடுகிறேன். அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து அழுகிறேன். நிதானம் இழக்காமல் பிள்ளை வளர்க்க என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: நிதானம், பொறுமை ஆகிய பெரிய சொற்களையெல்லாம் தாண்டி என் கண் போய் நின்றது 'வேண்டுமென்றே' என்ற சொல்லில்தான். உள்நோக்கத்தோடு செய்யும் காரியத்துக்குத் தமிழில் எப்படிச் சொல் அமைந்திருக்கிறது பாருங்கள்: 'வேண்டும்' என்று சொல்லிச் செய்வது. அந்த நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டால் உங்கள் மகள் வேண்டுமென்றேதான் அழுகிறாள். பலூன் வேண்டும் என்றே அழுகிறாள், படியில் தானே ஏற வேண்டும் என்றே அழுகிறாள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பொருளில் இல்லை. உங்களை அவமானப்படுத்துவதற்காகக் கூட்டம் பார்த்து, நேரம் பார்த்து, தரையின் வழவழப்பையும் பார்த்து விழுகிறாள் என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டரை வயதில் அத்தனை திட்டமிடும் திறமை ஒருவருக்கு இருக்குமானால், அவரை உடனே ஏதேனும் ஒரு கட்சியின் தொகுதிப் பொறுப்பாளராக நியமித்துவிடலாம். தேர்தல் செலவாவது குறையும்.

திட்டமிடவும், வந்த ஆத்திரத்தை அடக்கவும், 'அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்' என்று ஆசையைத் தள்ளிப்போடவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி. அது முழுமையாக முதிர்வதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து வயதாகிறது. உங்கள் மகளிடம் அந்த வேலை இப்போதுதான் அடித்தள மட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஆசை முழு அளவில் வந்துவிட்டது. அதை அடக்கும் கருவி இன்னும் வரவில்லை. ஆசையைச் சொல்வதற்கான மொழியோ அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது. என் மகனுக்கு மூன்று வயது நிரம்பாதபோது, தோசையைப் பிய்த்துத் தட்டில் வைத்ததற்காக, அதை மறுபடி ஒட்டித் தரும்படி அவன் அழுத அழுகை தெருமுனை வரை கேட்டது. வேறு முழுத் தோசை தருகிறேன் என்றேன். வேண்டாம், அதே தோசைதான் ஒட்ட வேண்டும் என்றான். நான் தர்க்கம் பேசினேன். மாவு என்றால் என்ன, வெந்தபின் ஏன் ஒட்டாது என்றெல்லாம் விளக்கினேன். அழுகை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் வாய் ஓய்ந்து நான் பேசாமல் உட்கார்ந்ததும், அவனும் ஓய்ந்து, விக்கலுக்கு நடுவே அந்தப் பிய்ந்த தோசையையே எடுத்துத் தின்றான்.

என் விளக்கத்தால்தான் அந்த அழுகை நீண்டது என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது. அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல், ரிச்சர்ட் டேவிட்சன் முதலிய ஆய்வாளர்கள், ஒன்றரை முதல் ஐந்து வயது வரையுள்ள 335 குழந்தைகளின் ரகளைகளைப் பற்றிப் பெற்றோர் எழுதிக் கொடுத்த விவரங்களை வைத்துக்கொண்டு ஆராய்ந்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முக்கால் பங்கு ரகளைகள் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியிருந்தன. அதைவிட உங்களுக்குப் பயன்படக்கூடிய செய்தி இன்னொன்று உண்டு: முதல் அரை நிமிடத்திலேயே காலைத் தரையில் ஓங்கி மிதித்தோ தரையில் விழுந்தோ தொடங்குகிற ரகளை, மற்றவற்றைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். ஆக, உங்கள் மகள் பொத்தென்று விழும்போது மானம் போயிற்று என்று பதறாதீர்கள். சுருக்கமாக முடிக்கப் போகிறாள் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். பின்னர் 2011இல் பொட்டேகலும் ஜேம்ஸ் கிரீனும் குழந்தைகளின் ஆடையில் ஒலிவாங்கியைத் தைத்து, ரகளையின் ஒலியையே பிரித்துப் பார்த்தார்கள். வீறிடலும் கத்தலும் சட்டென்று உச்சிக்கு ஏறி இறங்கிவிடுகின்றன. சிணுங்கலும் விசும்பலும் நெடுகிலும் ஓடுகின்றன. முதலாவது கோபம், இரண்டாவது துக்கம். கோபம் உச்சியில் நிற்கும்போது 'என்ன வேண்டும் சொல், ஏன் இப்படிச் செய்கிறாய்' என்று கேட்பது எரிகிற அடுப்பில் சுள்ளி வைப்பதுதான். அது இறங்கியபின் மிஞ்சுகிற துக்கத்துக்கு ஒரு மடி போதும்.

இப்போது உங்கள் நிதானத்துக்கு வருகிறேன். 'முடியாமல் கத்திவிடுகிறேன்' என்கிறீர்கள். அலுவலகத்தில் மேலதிகாரி காரணமில்லாமல் பாய்ந்தபோதும், நாத்தனார் விருந்தில் குத்திப் பேசியபோதும், வங்கி வரிசையில் ஒருவர் நடுவே நுழைந்தபோதும் உங்களால் எப்படி முடிந்தது? வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தை இந்த இடத்தில்தான் தொடங்குகிறார்: 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்'. செல்லுபடியாகும் இடத்தில் அடக்கினால்தான் அதற்குச் சினம் காத்தல் என்று பெயர். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார். நம் சினம் முழுவதுமாகச் செல்லுபடியாகிற ஒரே இடம் வீட்டில் மூன்றடி உயரத்தில் நின்றுகொண்டிருக்கிறது. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அடக்கும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, தினமும் வெளியே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறீர்கள் என்பதைச் சொல்கிறேன்.

அடிப்பதைப் பற்றி எழுதினால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வரும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் எழுதுவது ஒரே வாசகம்: 'அடியாத மாடு படியாது'. பழமொழி மாட்டைப் பற்றியது என்று இரண்டு முறை பதில் எழுதிவிட்டேன். இதற்கிடையில், லாடம் அடிக்காத மாடு என்பதுதான் அதன் உண்மையான பொருள் என்று வேறொரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. அவர்களுக்கும் என் பதில் அதுவே, லாடமும் மாட்டுக்குத்தான். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் இருவரும் ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி 2016இல் எழுதினார்கள். பின்புறத்தில் தட்டும் சாதாரண அடியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்; சூடு வைப்பதை அல்ல. பார்த்த 17 விளைவுகளில் 13இல் அடி கெடுதலோடு சேர்ந்தே தென்பட்டது. நன்மையோடு ஒன்றில்கூடச் சேரவில்லை. பெற்றோர் அடிப்பதை ஸ்வீடன் 1979லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிக்கக் கூடாது என்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை வாத்தியார் தொட்டால் புகார் கொடுக்க ஓடுகிற நாம், இரண்டரை வயதுப் பிள்ளையை அடிக்கும் உரிமையை வீட்டுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம்.

நம் தாலாட்டுக்கே இதில் ஒரு பங்கு உண்டு. 'யாரடித்து நீ அழுதாய், அடித்தாரைச் சொல்லி அழு' என்று தொடங்கி, விசாரணை அதிகாரிபோல் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறாள் பாடுகிறவள். மாமன் அடித்தானோ மல்லிகைப் பூச்செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப் பூச்செண்டாலே என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது. ஊருக்கு ஊர் பூ மாறும், உறவும் மாறும். எனக்குத் தெரிந்த எந்தப் பாடத்திலும் பாடுகிறவளின் பெயர் மட்டும் பட்டியலில் வருவதில்லை. என் மகள் ஒருநாள் தன் பையன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, மனம் பொறுக்காமல் மடியில் போட்டு இதே பாட்டைப் பாடினாள். 'யாரடித்து நீ அழுதாய்' என்ற அடி வந்ததும் அவன் அழுகையை நிறுத்தி, விரலை நீட்டி, 'நீதான்' என்றான். வழக்கு அத்துடன் முடிந்தது.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு சொல்லை விட்டுவிடக் கூடாது. 'அழாதே' என்று அது சொல்லவில்லை. 'சொல்லி அழு' என்கிறது. இன்றைய குழந்தை உளவியலாளர்கள் பெற்றோருக்குச் சொல்லித் தரும் பாடங்களுள் இதுவும் ஒன்று. கடையில் அவள் விழுந்ததும் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் தலை எதிலும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, உங்கள் முகம் அவள் முகத்தின் உயரத்துக்கு வரும்படி குந்துங்கள். பேச்சைக் குறையுங்கள். 'பலூன் கிடைக்கவில்லை என்று கோபம்' என்று அவள் சொல்லத் தெரியாததை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். பலூனை மட்டும் வாங்கித் தராதீர்கள், கைப்பேசியையும் நீட்டாதீர்கள். போலீஸ் மாமா பிடித்துக்கொண்டு போவார், டாக்டர் ஊசி போடுவார் என்று அறிவுரை வழங்க வருகிற கடைக்காரர்களையும் பாட்டிமார்களையும் ஒரு புன்னகையோடு கடந்துவிடுங்கள். நாளைக்குக் காய்ச்சல் வந்தால் அதே டாக்டரிடம்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பசியிலும் தூக்கத்திலும் இருக்கிற குழந்தையை ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போகாமலிருப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது. கை ஓங்குகிறது என்று தெரிந்தால், வீடாக இருக்கும் பட்சத்தில், அவளைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ரகளை அடிக்கடி இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தன்னையே அவள் காயப்படுத்திக்கொண்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூங்கிய பிறகு அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். பெரியாழ்வாரின் யசோதையும் புலம்புகிறாள்: தொட்டிலில் போட்டால் கிழிய உதைக்கிறான், எடுத்தால் இடுப்பை ஒடிக்கிறான், இறுக அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், 'மிடுக்கிலாமையால் நான் மெலிந்தேன் நங்காய்'. தெய்வத்தையே வளர்த்தவள் என்றாலும் இடுப்பு வலிதான் வலித்திருக்கிறது. அவளுக்கு இருந்து உங்களுக்கு இல்லாதது அந்த 'நங்காய்'. பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க ஒருத்தி இருந்தாள். நந்தகோபரை அந்தப் பாசுரத்தில் காணவில்லை. உங்கள் கடிதத்தையும் மூன்று முறை படித்துவிட்டேன். கடை இருக்கிறது, பேருந்து இருக்கிறது, உறவினர் வீடு இருக்கிறது, பார்க்கிற நாலு பேர்கூட இருக்கிறார்கள், குழந்தையின் தகப்பனார் மட்டும் எந்த வரியிலும் இல்லை. அவர் வீட்டில் இருப்பவரானால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை மகளையும் அவரையும் கடைத்தெருவுக்கு அனுப்பி வையுங்கள். திரும்பி வந்ததும் அவருக்கும் ஒரு கேள்வி இருக்கும். தனி உறையில் அனுப்பச் சொல்லுங்கள்.